கிணற்றை வெட்டியவரைக் கேட்டீர்களா?

போன தவக்காலத்தின் இரண்டாம் வாரம். காலையில் மோட்டார் போட்டேன். குழாயில் காற்றுதான் வந்தது. கிணற்று மூடியின் பூட்டைத் திறந்து வாளியை விட்டேன். தண்ணீர்ச் சத்தம் வரவில்லை. கல்லில் தகரம் மோதுகிற சத்தம் வந்தது. இன்னும் ஒரு முறை விட்டேன். அதே சத்தம். அறுபது அடிக் கிணறு. வெட்டித் தண்ணீர் ஊறிய நாளிலிருந்து அதன் அடியை நான் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

நான் மரியபுஷ்பம். வயது எழுபத்து மூன்று. திருச்சியிலிருந்து மணப்பாறை போகிற ரோட்டில் இறங்கி, உள்ளே ஒன்றரை மைல் நடந்தால் எங்கள் ஊர். செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். அந்தோணியார் சிலை வைத்த கெபியில் முன் வரிசையில் இடப்பக்கம் உட்காருகிறவள். மூன்றாம் வகுப்புதான் படித்தேன். நான் எழுத்துக் கூட்டி எழுதிய இந்தச் சாட்சியைக் கோயில் உபதேசியார் ஒழுங்காக எழுதிக் கொடுத்தார். எனக்கு அவமானமான இடத்தை மட்டும் குறைத்துவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அதைக் குறைத்தால் சாட்சி என்று சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

நான் பிறந்தது ஸ்ரீரங்கத்தில். கொள்ளிடக் கரையில் என் அப்பா வாழைத்தோப்புக் காவல். அங்கே தண்ணீருக்கு யாரும் ஜெபம் செய்ததில்லை. நாங்கள் பிள்ளைகளாக மணலைக் கையால் பறித்து விளையாடுவோம். முழங்கை போகும் முன் ஈரம், இன்னும் கொஞ்சம் போனால் ஊற்று. அப்படிப்பட்ட இடத்தில் பிறந்தவளை இந்த வறண்ட பக்கத்தில் கட்டிக் கொடுத்தார்கள். வந்த புதிதில் இந்த ஊர்ப் பெண்கள் ஒரு குடத் தண்ணீருக்குப் பேசுகிற பேச்சைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரும். "நான் ரெண்டு ஆத்துக்கு நடுவுல பொறந்தவ" என்று சொல்லிக்கொள்வேன். இந்த வயது வரை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமைதான் என்னை அடித்தது.

வீட்டில் நானும் என் மகள் ரோசலினும் மட்டும். அவள் புருஷன் விட்டுப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அப்போது மூன்று கறவை மாடுகள். அந்தப் பாலில்தான் அவள் யார் கையையும் எதிர்பாராமல் இருக்கிறாள். மகன் ஆரோக்கியராஜ் உறையூரில் இருக்கிறான். "மாட்ட வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்கம்மா" என்று பல வருடமாகச் சொல்கிறான். நல்ல பிள்ளைதான். ஆனால் மருமகள் சமையல்கட்டில் என் மகள் பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்பதை நான் பார்க்க மாட்டேன். மாடு போனால் அதுதான் நடக்கும். தண்ணீர் போனால் மாடு போகும். எனக்கு இருந்த கஷ்டம் இவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை.

ரோசலின் வண்டியில் இரண்டு பக்கமும் குடம் கட்டி, மெயின் ரோட்டுப் பஞ்சாயத்துக் குழாயிலிருந்து தண்ணீர் கொண்டு வந்தாள். கறவை மாடு எவ்வளவு குடிக்கும் என்று மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒன்பது நடை, பத்து நடை. அப்போதுதான் ஆழ்துளைக் கிணறு போடுவது என்று முடிவு செய்தேன்.

யாரைக் கூப்பிடுவது? பக்கத்துக் குடியிருப்பிலேயே போர் போடுகிறவர் ஒருவர் இருக்கிறார், பெயர் கருப்பையா. ஊரில் பாதிப் பேர் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவரை நான் கூப்பிடவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். என் தம்பிக்குப் போன் போட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து கை போர் போடுகிற ஆட்களை வரச் சொன்னேன். தண்ணீரைப் பற்றி எங்கள் ஊர்க்காரனுக்குத் தெரியாததா என்று நினைப்பு.

மூன்று சவுக்குக் கம்பு, இரும்புக் குழாய், கயிறு எல்லாவற்றையும் வேனில் ஏற்றிக்கொண்டு ரெங்கராஜு என்பவர் நாலு ஆட்களோடு வந்தார். இறங்கினதும் மண்ணைக் காலால் தேய்த்துப் பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் வந்ததற்குக் கம்பை நட்டுக் குழாயைத் திருகினார்கள். செம்மண் போயிற்று. அடுத்து வெள்ளைச் சுக்கான் கல் போயிற்று. இருபத்தைந்து அடியில் 'டங்' என்றது. நாலு பேரும் குழாயைப் பிடித்துத் தொங்கினார்கள். அசையவில்லை.

"அக்கா, இதுக்கு மேல என் கருவி இறங்காது. எங்களுக்கு மணல்லதான் வேலை. இது பாறை."

"ஏன், பாறைக்குக் கீழ தண்ணி இருக்காதா?"

"இருக்கும். எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாது. நம்ம பக்கம் கண்ண மூடிக்கிட்டு எங்க குத்துனாலும் நாப்பது அடியில தண்ணி. இங்க அப்படி இல்ல. இந்த எடத்தோட உள்பக்கத்தப் பாத்தவன் சொல்லணும்." அவர் என் கிணற்றுப் பக்கம் கை காட்டினார். "இந்தக் கிணத்த வெட்டுனது யாரு? அவரக் கேட்டீங்களா?"

"அவரு செத்துப் போயிட்டாரு" என்றேன்.

கிணற்றை வெட்டியது கருப்பையாவும் அவர் அப்பாவும். அப்பா செத்தது உண்மை. கருப்பையா கூப்பிடு தூரத்தில் உயிரோடு இருக்கிறார். தவக்காலத்தில், கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியத்தோடு, அந்தப் பொய்யைச் சொன்னேன். நாக்கு கூசவில்லை.

ஏன் சொன்னேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியராஜ் கல்யாணத்துக்கு முந்தி, மூன்று வருடம் மழை பொய்த்த காலம். இந்தச் சுற்றுவட்டத்தில் எல்லாக் கிணறும் வற்றியது. எங்கள் கிணற்றில் மட்டும் ஆள் உயரத் தண்ணீர் கிடந்தது. சனங்கள் குடத்தோடு வந்தார்கள். முதல் மாதம் விட்டேன். பிறகு, நமக்கு இல்லாமல் போய்விடுமே என்று பயம். திருச்சிப் பட்டறையில் இரும்பு வலை மூடி செய்யச் சொல்லி, திண்டுக்கல் பூட்டு ஒன்று வாங்கிப் போட்டேன். சாவியை உத்தரியக் கயிற்றிலேயே கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கூட "பூட்டாத மரியம்" என்று சொன்னார். நான் கேட்கவில்லை.

பூட்டின மறுநாள் கருப்பையாவின் மனைவி மூக்காயி வந்தாள். இடுப்பில் குடம், கையில் ஒரு தூக்கு. வேலிக்கு வெளியே நின்றாள்.

"ஒரு கொடம் மட்டும் விடுங்கம்மா. எம் புருஷனும் மாமனாரும் வெட்டுன கெணறு இது."

அதற்கு நான் சொன்னது: "வெட்டுனதுக்குக் கூலி குடுத்தாச்சு. தண்ணிக்கு ஒனக்குப் பாத்தியத இல்ல."

அவள் காலிக் குடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு நானும் அவளும் பேசியதில்லை. அந்தப் பஞ்சம் முடிந்த பிறகும் நான் பூட்டை எடுக்கவில்லை. பழகிவிட்டது.

சரி, கதைக்கு வருகிறேன். ரெங்கராஜு போனதும் மகன் கோபப்பட்டான். "ஒனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, பேசாம இரு" என்று சொல்லி, போனில் ஓர் ஏஜெண்டைப் பிடித்து, வெளி மாவட்டத்திலிருந்து பெரிய வண்டி ஏற்பாடு செய்தான். உயிர்ப்பு ஞாயிறு முடிந்த வாரம் வந்தது. துளை போடுகிற லாரி ஒன்று, காற்று அடிக்கிற லாரி ஒன்று. கூடவே வந்த ஆள் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு தோட்டம் முழுக்க நடந்தார். வடகிழக்கு மூலைக்கு வந்ததும் தேங்காய் எழுந்து நின்றது. நானே பார்த்தேன். மகனுக்குச் சந்தோஷம். "ஈசானி மூலைம்மா. வாஸ்துவும் அதான் சொல்லுது" என்றான். நாங்கள் ஐந்து தலைமுறை கத்தோலிக்கர். எனக்கும் அப்போது அது தவறாகத் தோன்றவில்லை. போகட்டும், வேளாங்கண்ணித் தீர்த்தத்தையும் அதே இடத்தில் தெளித்தேன். ஆண்டவருக்கும் தேங்காய்க்கும் சேர்த்துக் கும்பிடு போட்டாயிற்று.

காலையில் தொடங்கினார்கள். முந்நூறு அடி, புழுதி. ஐந்நூறு அடி, புழுதி. "இன்னும் நூறு போனா வந்துரும்மா" என்று ஒவ்வொரு நூறுக்கும் சொன்னார்கள். எழுநூறில் நிறுத்தினார்கள். வெள்ளைப் புழுதி வீடு முழுக்க. மாட்டின் இமையில் புழுதி. சுவரில் மாட்டியிருந்த அந்தோணியார் படத்தில் குழந்தை இயேசுவின் முகம் தெரியவில்லை. வண்டிக்காரர்கள் கூலியை வாங்கிக்கொண்டு குழியை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். நான் அம்மிக்கல்லை உருட்டி அதன் மேல் வைத்தேன்.

அந்தக் கூலிக்காகத்தான் மூத்த மாடு மணப்பாறைச் சந்தைக்குப் போனது. ரோசலின்தான் ஓட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து கயிற்றை மட்டும் ஆணியில் மாட்டினாள்.

அந்த வாரம்தான் ஒன்பது செவ்வாய் நவநாள் தொடங்கினேன். தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற புனிதர் அந்தோணியார். சாவி, நகை, ஓடிப்போன ஆடு என்று எல்லாரும் அவரிடம்தான் கேட்கிறோம். நான் தண்ணீரைக் கேட்டேன். "என் தண்ணி தொலஞ்சு போச்சு, கண்டுபிடிச்சுக் குடும்" என்று கேட்டேன். கிடைத்தால் நூறு பேருக்கு ரொட்டி கொடுப்பதாக நேர்ந்தேன். மெழுகுவர்த்தி வைத்தேன். முழங்காலில் கெபியைச் சுற்றினேன். இந்த வயதில் முழங்காலில் போவது என்ன என்று என் மூட்டுக்குத்தான் தெரியும். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு செவ்வாய், இரண்டு செவ்வாய், ஐந்து செவ்வாய். வெயில் ஏறிக்கொண்டே போனது.

ஏழாவது செவ்வாய்க்கு மறுநாள் ரோசலின் விழுந்தாள். ரோட்டிலிருந்து இறங்குகிற சரளை மேட்டில் வண்டி சறுக்கி, தண்ணீர்க் குடங்களோடு சாய்ந்துவிட்டாள். வலது கை மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிவு. பக்கத்து வயல்காரர்கள் ஆட்டோவில் கொண்டு போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "கொடம் ரெண்டும் ஒடஞ்சிருச்சும்மா" என்றாள். கை ஒடிந்ததைச் சொல்லவில்லை.

மகன் வந்தான். இந்த முறை கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மீதி ரெண்டு மாட்டையும் அடுத்த மாசம் மொத சந்தையில குடுத்துறலாம். எடத்துக்கும் ஆள் கேக்குறாங்க. பிளாட் போடுறவங்க. நீ அழுது ஒண்ணும் ஆகாதும்மா" என்றான். நான் அழவில்லை. அவன் போன பிறகுதான் அழுதேன்.

ஒன்பதாவது செவ்வாய் வந்தது. பூசை முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. சண்டை போடத்தான் உட்கார்ந்தேன். "ஒன்பது வாரம் கேட்டுட்டேன். என் பொண்ணு கைய ஒடச்சீர். மாட்ட எடுத்துக்கிட்டீர். நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று வாய்விட்டுக் கேட்டேன்.

ஒளி ஒன்றும் வரவில்லை. குரல் ஒன்றும் கேட்கவில்லை. வந்தது எல்லாம் ரெங்கராஜு கேட்ட கேள்விதான். "இந்தக் கிணத்த வெட்டுனது யாரு? அவரக் கேட்டீங்களா?" அதே வார்த்தை. நான் வேறு ஜெபம் சொல்லப் பார்த்தேன். அருள் நிறைந்த மரியாயே சொன்னேன். பாதியில் மறுபடி அந்தக் கேள்வி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது ஒன்பது வாரத்துக்கு முன்பே எனக்குக் கொடுக்கப்பட்ட பதில். நான் கேட்க ஆரம்பிக்கும் முன்பே ஆண்டவர் பதிலை வீட்டு வாசலுக்கு அனுப்பினார். நான் அதைச் செத்துப்போனவர் கணக்கில் எழுதித் திருப்பி அனுப்பினேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. குடையை விரித்துக்கொண்டு நேரே கருப்பையா வீட்டுக்கு நடந்தேன். நண்பகல். வாசலில் வேப்ப மர நிழலில் மூக்காயி புளி உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை. வா என்று சொல்லவில்லை, உட்கார் என்று சொல்லவில்லை. நான் வெயிலில் நின்றேன்.

"கருப்பையா இருக்காரா?" என்றேன். அவரை நான் 'இருக்கானா' என்றுதான் ஆயுசு முழுக்கக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு வாயில் 'இருக்காரா' என்று வந்தது.

அவளுக்கும் அது காதில் பட்டது. "அட, இருக்காராமே" என்றாள் புளியைப் பார்த்துக்கொண்டே. "வறண்டாத்தான் மரியாத ஊறும் போல."

"தண்ணி இல்ல மூக்காயி. மாடு ரெண்டும் போயிரும். பொண்ணு கை ஒடிஞ்சு கெடக்கு."

"கேள்விப்பட்டேன்." ஒரு புளியங்கொட்டையைத் தட்டி எடுத்தாள். என் கழுத்தைப் பார்த்தாள். "சாவி இன்னும் மாதா படத்தோடதான் தொங்குதா? வத்துன கெணத்துக்கு எதுக்கும்மா பூட்டு? உள்ள இருக்குற கல்ல யாராச்சும் மொண்டுக்கிட்டுப் போயிருவாங்கன்னா?"

இருபது வருடத்துக்கு மேல் என் வாய்க்கு எதிர்வாய் பேச இந்த ஊரில் ஆள் இல்லை. அன்றைக்கு வாங்கிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து கருப்பையா வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர். முன்பு பாறைக்கு வேட்டு வைத்ததில் இடது காது மந்தம். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "நாளைக்குக் காலையில வந்து பாக்குறேம்மா" என்றார். அவ்வளவுதான். மூக்காயி அவரைத் தடுக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

காலையில் வந்தார். முதலில் ஈசானி மூலைக்குப் போனார். அம்மிக்கல்லைப் புரட்டிக் குழியைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இத இப்படியா விட்டு வெச்சிருக்கீங்க? நம்ம பக்கத்து மனுசங்க செய்யிற காரியமா இது? புள்ளைங்க நடமாடுற எடம். மொதல்ல இத மூடணும். அப்புறந்தான் புதுசப் பத்திப் பேச்சு."

அன்றைக்கே இரும்பு மூடி கொண்டுவந்து வாயை அடைத்துப் பற்றவைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் கிணற்றுக்கு வந்தார். நான் சாவியை அறுத்துக் கொடுத்தேன். கயிறு கட்டி உள்ளே இறங்கினார். மேலே ஏறி வந்து மண்ணைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"அப்படியேதான் இருக்கு. நானும் அப்பாவும் வெட்டும்போது அம்பதாவது அடியில மேக்குச் சொவத்துல ஒரு வெடிப்பு வந்துச்சு. கை நொழையுற அகலம். அதுலேர்ந்துதான் ஒங்களுக்கு இத்தன வருசம் தண்ணி. இப்ப வெடிப்புல ஈரம் மட்டும் நிக்குது. தண்ணி கீழ எறங்கிருச்சு. ஆனா வெடிப்பு மூடல."

"அப்ப இந்த எழுநூறு அடியில ஏன் வரல?" என்றேன்.

அவர் பெரிய வண்டிக்காரர்கள் விட்டுப் போன புழுதிக் குவியலிலிருந்து ஒரு பிடி அள்ளி என் கையில் போட்டார். மாவு மாதிரி இருந்தது. "பாருங்க, மொத்தமும் ஒரே நெறம். வெடிப்பே இல்லாத பாறை. ஆயிரம் போனாலும் இதேதான். நீங்க பொறந்த பக்கம் தண்ணி மணலுக்குள்ள படுத்திருக்கும்மா. எங்க தொட்டாலும் எழுந்து வரும். இங்க பாறைக்குள்ள தண்ணி கெடையாது. வெடிப்புக்குள்ளதான் ஓடும். வெடிப்பத் தொட்டா தண்ணி. நாலடி தள்ளிப் போயிட்டா புழுதி. இதுக்குத் தேங்கா என்ன செய்யும்?"

பிறகு அவர் செய்ததைச் சொல்கிறேன், உங்களில் யாருக்காவது உதவும். எங்கள் கிணற்றிலிருந்து மேற்கே பார்த்து நின்றார். ஓடைப் பக்கத்து வயலில் வற்றாமல் இருக்கிற கிணற்றில் இப்போது தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது என்று கேட்டார். அந்தக் கிணற்றிலும் அவர் வேலை செய்திருக்கிறார். அங்கே கிழக்குச் சுவரில் வெடிப்பாம். இரண்டு கிணற்றுக்கும் நடுவே ஒரு கயிறு பிடித்தது மாதிரி நடந்தார். வழியில் ஒரு நாவல் மரம் கோடையிலும் பச்சையாக நின்றதைத் தட்டிப் பார்த்தார். எங்கள் எல்லைக்குள் அந்தக் கோடு வந்த இடத்தில் நின்று காலால் தேய்த்தார். அது எங்கள் சாணிக் குப்பை மேடு.

மகனுக்குப் போனில் சொன்னேன். "அம்மா, அது கன்னி மூலை! அங்க பள்ளம் தோண்டுனா குடும்பத் தலைவனுக்கு ஆகாது" என்று கத்தினான்.

"குடும்பத் தலைவரு கல்லறத் தோட்டத்துல பத்திரமா இருக்காரு. நீ ஞானஸ்நானம் வாங்குனவன்தானே? போன வை" என்றேன்.

குப்பையை வாரி இடம் ஒதுக்கினோம். ரோசலின் ஒரு கையால் கூடை தூக்கினாள். சந்தைக்கு நாலு நாள்தான் இருந்தது. கருப்பையா தன் பழைய வண்டியைக் கொண்டு வந்தார். துளை இறங்க இறங்க, குழாய்க்கு ஒரு குவியலாகப் புழுதியை வரிசையாகத் தரையில் வைத்துக்கொண்டே போனார். செம்மண், சுக்கான், சாம்பல் நிறம். ஒவ்வொன்றையும் விரலில் தேய்த்துப் பார்ப்பார். நூறு அடி, புழுதி. நூற்றைம்பது, புழுதி. என் ஜெபமாலையில் மணி நகரவில்லை. நூற்று எண்பதில் வைத்த குவியல் பழுப்பாக இருந்தது. அதைத் தேய்த்துவிட்டு, கறைபட்ட விரலை என்னிடம் காட்டினார். "தண்ணி பட்ட கல்லும்மா" என்றார்.

அடுத்த குழாய் பாதி இறங்கும்போது புழுதி நின்றது. சேறு வந்தது. சேற்றின் பின்னால் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு மேலே வந்தது. ரோசலின் கட்டுப் போட்ட கையோடு அதன் கீழே போய் நின்றாள். சிரிக்கவில்லை, அழவில்லை, நனைந்துகொண்டு நின்றாள். மாடுகள் இரண்டும் தும்பை இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பின.

"ரெண்டு இஞ்ச் தண்ணி இருக்கு. இருநூத்து நாப்பதோட நிறுத்திக்கலாம். அதுக்கு மேல போறது பேராச" என்றார் கருப்பையா. எழுநூறு அடிக்குக் கூலி வாங்கினவர்களையும் பார்த்தேன். போதும் என்று தானே நிறுத்திய இவரையும் பார்த்தேன்.

நான் உள்ளே ஓடி என் கல்யாணச் சீர்ப் பித்தளைச் சொம்பை எடுத்து வந்தேன். தெளிந்து வந்த தண்ணீரைப் பிடித்தேன். இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினேன். "மொதத் தண்ணி நீங்க குடிக்கணும்" என்றேன்.

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. சாதாரணமாகச் சொன்னார்:

"கூலி வாங்கிட்டேம்மா. தண்ணிக்கு எங்களுக்குப் பாத்தியத இல்ல."

சொல்லிவிட்டு வண்டியில் கட்டியிருந்த தன் பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்துக் குடித்தார். வெயிலில் கிடந்த சுடுதண்ணீர். என் சொம்பு கையிலேயே இருந்தது.

சகோதர சகோதரிகளே, என் ஜெபம் கேட்கப்பட்ட நாள் அதுதான். என் வாழ்க்கையில் அவ்வளவு கசப்பான நாளும் அதுதான். மூக்காயி நான் சொன்ன வார்த்தையை வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறாள். இரண்டு பேரும் அதை இத்தனை வருடமும் கெடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். அதை வைத்துக்கொண்டேதான் அவர் வந்தார். குழியை மூடினார். என் கிணற்றுக்குள் இறங்கினார். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. எனக்குக் கொடுக்க வேண்டியதை எல்லாம் கொடுத்துவிட்டு, என்னிடமிருந்து ஒரு வாய்த் தண்ணீர் மட்டும் வாங்கவில்லை.

மாடுகள் சந்தைக்குப் போகவில்லை. பிளாட் போடுகிறவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ரோசலின் இரண்டு மாட்டோடு இருக்கிறாள், அதில் ஒன்று கன்றும் ஈன்றிருக்கிறது. அவள் கை முழுசாகத் திரும்பவில்லை. பால் கறக்கும்போது இடது கையால்தான் அழுத்துகிறாள். ஒரு நாள் கறந்துகொண்டே, "நீ மொதல்லயே அந்த ஆள்கிட்டப் போயிருந்தா எங்கைக்கு ஒண்ணும் ஆயிருக்காதும்மா" என்றாள். திட்டவில்லை, சொன்னாள். உண்மை. அதற்கு நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? ஆண்டவர் மன்னித்தார் என்று சாமியார் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். அந்த மணிக்கட்டு இன்னும் மன்னிக்கவில்லை.

நேர்ந்தபடி நூறு பேருக்கு ரொட்டி கொடுத்தேன். வேலிக்கு வெளியே ஒரு குழாய் வைத்து, தண்ணீரை அதில் திறந்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம். கிணற்று மூடி இருக்கிறது, பிள்ளைகள் விழக்கூடாதே. பூட்டு இல்லை. திண்டுக்கல் பூட்டும் சாவியும் அந்தோணியார் பாதத்தில் கிடக்கின்றன. நீங்கள் பார்த்திருப்பீர்கள், துருப்பிடித்த பெரிய பூட்டு. அது என்னுடையது.

கருப்பையா வீட்டுக்குப் போனேன். மூக்காயியிடம் "நான் சொன்னது தப்பு" என்று சொன்னேன். அவள் முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தாள். "சரிம்மா" என்றாள். பெருக்கிக்கொண்டே இருந்தாள். அதற்கு மேல் என்ன சொல்வாள்?

அந்தத் தெருவிலிருந்து எல்லாப் பெண்களும் என் குழாய்க்கு வருகிறார்கள். மூக்காயி வரவில்லை. குடத்தோடு என் வேலியைத் தாண்டி ரோட்டுக் குழாய்க்குத்தான் போகிறாள்.

கஷ்டத்தில் இருக்கிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நம்பிக் கேளுங்கள். அவர் கொடுப்பார். எனக்குக் கொடுத்தார், எனக்கே கொடுத்தார் என்றால் உங்களுக்குக் கொடுக்க மாட்டாரா? ஆனால் கேட்கும் முன் உங்கள் கழுத்தில் என்ன தொங்குகிறது என்று ஒரு தரம் பாருங்கள். யார் கையால் கொடுப்பார் என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். நாம் எந்தக் கையைத் தட்டிவிட்டோமோ அந்தக் கையையே தேடிப் பிடித்து அனுப்புவார். வாங்குவதற்குக் குனியத்தான் வேண்டும். எழுபத்து மூன்று வயதில் குனிந்தால் முதுகு வலிக்கும். முன்னாலேயே குனிந்துவிடுங்கள்.

அடுத்த தவக்காலம் வந்துகொண்டிருக்கிறது. தண்ணீரை ஒன்பது செவ்வாயில் கொடுத்தார். அதற்கு ஸ்தோத்திரம். மூக்காயி என் குழாயில் ஒரு குடம் பிடிக்க வேண்டும் என்று இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறேன். வருகிற செவ்வாய் முப்பத்து நான்காவது.